சிகிச்சை முடிந்த மறுநாள்: ஒரு சிறு வரலாறு

அன்பான என் மாணவர்களுக்கும் சொந்தபந்தங்களுக்கும்,

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு பீரியட் முழுக்க உங்களை அசையாமல் உட்கார வைத்தவள் நான். அதில் பாதி நேரம் போதும், படித்துவிடலாம்.

எனக்கு மார்பகப் புற்றுநோய் வந்ததும், ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் மூன்றும் நடந்ததும் உங்களில் நிறையப் பேருக்குத் தெரியும். கடைசி ரேடியேஷன் முடிந்து 14 மாதம் ஆகிறது. கல்யாண வீட்டில், ரேஷன் கடையில், பஸ்ஸில், எங்கே பார்த்தாலும் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "எல்லாம் முடிஞ்சாச்சா டீச்சர்?"

முடிந்தது என்று சொன்னதும் இரண்டு விதமான அன்பு வருகிறது. ஒன்று: "அப்போ பழையபடி ஆயிட்டீங்க. இனிமே அதை நினைக்கவே நினைக்காதீங்க." இன்னொன்று: "இனிமே ஒண்ணும் செய்யாதீங்க. எதையும் தூக்காதீங்க. சும்மா உட்காருங்க." என் நாத்தனார் இரண்டாவது கட்சி. கறிவேப்பிலைக் கட்டைக்கூட என் கையிலிருந்து வாங்கிக்கொள்வார்.

இரண்டுமே அன்புதான், யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் நடந்ததை மறந்துவிட்டுப் பழைய ஆளாக எழுந்து போகவும் முடியாது, மிச்ச நாளையெல்லாம் நோயாளியாகவே உட்கார்ந்து கழிக்கவும் முடியாது. நடுவில் ஒரு வழி இருக்கிறது. அந்த வழியை யார் போட்டார்கள் என்று தேடினேன். 34 வருடம் வரலாறு நடத்தியவளுக்கு ஒரு சிக்கல் வந்தால் வேறு எங்கே போகத் தெரியும்?

தேடியதில் ஒன்று விளங்கியது. நோயை வெட்டி எடுக்க மருத்துவர்கள் கற்றுக்கொண்டது ஒரு வரலாறு. அதன் பிறகு வீட்டுக்குத் திரும்பி வாழ்வது வேறொரு வரலாறு. இந்த இரண்டாவதைப் பெரும்பாலும் எழுதியவர்கள், அந்த நோயிலிருந்து எழுந்து வந்த பெண்களே.

1811-லிருந்து தொடங்குகிறேன். ஃபேனி பர்னி என்ற ஆங்கில நாவலாசிரியை அப்போது கணவரோடு பாரிஸில் இருந்தார். வயது 59. வலது மார்பில் கட்டி. அந்த ஆண்டு செப்டம்பர் 30-ம் தேதி அவருடைய வீட்டிலேயே ஆபரேஷன் நடந்தது. செய்தவர்களில் முதன்மையானவர் டொமினிக் லாரே, நெப்போலியனின் படையில் பேர்பெற்ற மருத்துவர். மயக்க மருந்து என்ற ஒன்றே ஐரோப்பாவில் இல்லாத காலம். அது வர இன்னும் 35 வருடம் இருந்தது. குடிக்கக் கொஞ்சம் ஒயின் கலந்த மருந்து கொடுத்து, முகத்தின் மேல் ஒரு மெல்லிய கைக்குட்டையைப் போட்டார்கள். கைக்குட்டை வழியாகவே கத்தியின் பளபளப்பு தெரிந்ததாம். கணவர் இந்த வேதனையைப் பார்க்கக் கூடாது என்று, அவர் வீட்டில் இல்லாதபடி பர்னியே ஏற்பாடு செய்திருந்தார்.

ஆபரேஷனைவிட அதற்குப் பிறகு நடந்ததுதான் என் மனதைத் தொட்டது. இங்கிலாந்தில் இருந்த அக்காவுக்கு நடந்ததையெல்லாம் கடிதமாக எழுத உட்கார்ந்தார். எழுதி முடிக்கப் பல மாதம் ஆனது. நினைத்தாலே தலைவலி வந்தது. எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்க்கவும் அவரால் முடியவில்லை. உடம்பு ஆறிவிட்டது, மனதுக்கு இன்னும் நேரம் வேண்டியிருந்தது. "அதை நினைக்காதீங்க" என்று 1812-ல் யாராவது அவரிடம் சொல்லியிருந்தால், அந்தக் கடிதம் இன்று நம் கையில் இருக்காது.

அதற்குப் பிறகும் அவர் நெடுங்காலம் வாழ்ந்தார். 1814-ல் இன்னொரு நாவலை வெளியிட்டார். வாட்டர்லூ போர் நடந்தபோது பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் இருந்தார். 1840-ல், 87 வயதில் இறந்தார். அவருக்கு இருந்தது புற்றுநோய்தானா என்று இன்றைய மருத்துவர்கள் சிலர் சந்தேகப்படுகிறார்கள். அது எதுவாக இருந்தாலும், அந்த ஆபரேஷனுக்குப் பிறகு 28 வருடம் ஒரு பெண் எழுதிக்கொண்டும், ஊர் மாறிக்கொண்டும், குடும்பம் நடத்திக்கொண்டும் இருந்தார் என்பது உண்மை.

அடுத்து அமெரிக்காவுக்கு வாருங்கள். 19-ம் நூற்றாண்டின் கடைசியில் மயக்க மருந்தும் வந்துவிட்டது, கிருமி நீக்கமும் வந்துவிட்டது. மருத்துவர்களால் இப்போது ஆழமாக வெட்ட முடிந்தது. பால்டிமோர் நகரத்தின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் இருந்த வில்லியம் ஹால்ஸ்டெட், 1894-ல் தன்னுடைய 50 நோயாளிகளைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். மார்பகத்தோடு அதன் அடியில் இருக்கும் நெஞ்சுத் தசைகளையும், அக்குளில் இருக்கும் நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்து ஒரே துண்டாக எடுப்பது அவர் முறை. அதே இடத்தில் நோய் திரும்ப வருவது குறைந்தது. உலகம் முழுக்க இந்த முறை பரவி, ஏறத்தாழ 80 வருடம் அதுவே சட்டம் மாதிரி இருந்தது.

பிழைத்த பெண்களின் நிலை என்ன? நெஞ்சு பள்ளமாகிவிடும், எலும்பு தெரியும். தோள் இறுகிவிடும், கையை மேலே தூக்க முடியாது. அக்குளில் முடிச்சுகளை எடுத்துவிட்டதால் கையில் நிணநீர் தேங்கி, கை யானைக்கால் மாதிரி வீங்கும். ஹால்ஸ்டெட்டுக்கு இது தெரியாமல் இல்லை. உயிரோடு ஒப்பிட்டால் கை முடங்குவது பெரிய விஷயமில்லை, மேலும் இந்த நோயாளிகளின் சராசரி வயது 55-ஐ நெருங்குகிறது, சமூகத்தில் இவர்களுக்குச் சுறுசுறுப்பான பங்கு இனி அதிகமில்லை என்ற பொருளில் அவரே எழுதியிருக்கிறார்.

எனக்கு வயது 63. அதைப் படித்தபோது கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

ஆனாலும் ஒரு மனிதரை அவருடைய காலத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். ஆகவே நியாயமும் சொல்கிறேன். அந்தக் காலத்தில் பெண்கள் கட்டி முற்றிய பிறகுதான் வந்தார்கள். உயிரைக் காப்பாற்றினால் போதும் என்பதுதான் மருத்துவரின் கணக்கு. காப்பாற்றிய உயிர் மறுநாள் காலையில் எழுந்து என்ன செய்யும் என்ற கேள்வி அந்தக் கணக்கில் இல்லை. அதைக் கணக்கில் சேர்க்க இன்னும் 60 வருடம் ஆனது. சேர்த்தவர் ஒரு மருத்துவர் இல்லை.

அவர் பெயர் டெரீஸ் லாசர். நியூயார்க்கைச் சேர்ந்த குடும்பத் தலைவி. 1952-ல் அவருக்கு ஹால்ஸ்டெட் முறை ஆபரேஷன் நடந்தது. மயக்கம் தெளிந்து எழுந்தபோது அவரிடம் கேள்விகள் நிறைய இருந்தன. கையை எப்போது அசைக்கலாம்? எப்படி அசைக்க வேண்டும்? உடை எப்படிப் போடுவது? உள்ளே என்ன வைத்துக்கொள்வது? கணவரோடு பழையபடி இருக்கலாமா? யாரிடமும் நேரான பதில் இல்லை.

அவரே பதில்களைத் தேடினார். கைக்கான பயிற்சிகளை ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தார். பிறகு, புதிதாக ஆபரேஷன் முடிந்து படுத்திருக்கும் பெண்களைப் பார்க்க மருத்துவமனைகளுக்குப் போகத் தொடங்கினார். கையில் ஒரு சிறு பை. அதில் ஒரு ரப்பர் பந்து, ஒரு கயிறு, உடைக்குள் வைத்துக்கொள்ளத் தற்காலிகமான மார்பு வடிவம் ஒன்று. பந்தை அழுத்து, கயிறு கட்டி இழு, சுவரில் விரல்களால் ஏறு என்று தானே செய்து காட்டுவார். மருத்துவரின் வேலையில் தலையிடுகிறார் என்று சில மருத்துவமனைகளில் வெளியே அனுப்பினார்கள். அவர் விடவில்லை. 'ரீச் டு ரெக்கவரி' என்று அவர் தொடங்கிய அந்த இயக்கத்தை 1969-ல் அமெரிக்கப் புற்றுநோய் சங்கம் ஏற்று நடத்தத் தொடங்கியது. 1970-களில் ஐரோப்பாவுக்கும் பரவியது.

அதில் ஒரு முக்கியமான விதி: பார்க்கப் போகிறவர் தானே அந்த ஆபரேஷனைச் செய்துகொண்டவராக இருக்க வேண்டும். படுக்கையில் இருப்பவர் வாசலைப் பார்ப்பார். அங்கே ஒரு பெண் நல்ல உடை உடுத்தி, கையை வீசி நடந்து வருவார். பாதிப் பாடம் அதிலேயே முடிந்துவிடும். வாத்தியார் வேலையில் இருந்தவர்களுக்கு இது புரியும்.

சுவரில் விரல்களால் ஏறும் அந்தப் பயிற்சியைத்தான் எனக்கும் பிசியோதெரபி பெண் சொல்லிக்கொடுத்தார். சுவரைப் பார்த்து நின்று, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சிலந்தி மாதிரி மெதுவாக மேலே ஏற வேண்டும். எங்கள் வீட்டுக் கொல்லைச் சுவரில் ஒவ்வொரு வாரமும் விரல் எட்டிய இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டுத் தேதி எழுதினேன். முதல் கோடு என் தோளுக்குக் கீழே. மூன்றாம் மாதம் கொடியில் துணி காயப்போட முடிந்தது. கரும்பலகையின் மேல் ஓரத்தில் தேதி எழுதும் உயரத்துக்குக் கை போக ஏழு மாதம் ஆனது. 1952-ல் ஒரு பெண் கேட்ட கேள்விக்கான பதில், இத்தனை வருடம் கழித்து எங்கள் கொல்லைச் சுவர் வரை வந்திருக்கிறது.

லாசர் செய்ததெல்லாம் மூடிய அறைக்குள் நடந்தது. வெளியே அந்த நோயின் பெயரைச் சொல்லவே கூச்சம். நம் ஊரில் மட்டும் அப்படி என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவிலும் "நீண்ட நாள் உடல்நலமின்றி" என்றுதான் மரணச் செய்தியில் போடுவார்கள்.

அந்தக் கூச்சத்தை உடைத்தவர்களில் ஒருவர், உங்கள் தாத்தா பாட்டிகள் திரையில் பார்த்த குழந்தை நட்சத்திரம் ஷெர்லி டெம்பிள். 1972-ல் அவருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தபோது, ஆபரேஷன் முடிந்த சில நாளிலேயே மருத்துவமனையிலிருந்தே செய்தியாளர்களிடம் வெளிப்படையாகப் பேசினார். வீட்டில் உட்கார்ந்து பயப்படாதீர்கள், போய்ப் பரிசோதித்துக்கொள்ளுங்கள் என்று பத்திரிகையில் எழுதினார். அதன் பிறகு கானா நாட்டுக்கும், பின்னர் செக்கோஸ்லோவாகியாவுக்கும் அமெரிக்கத் தூதராகப் போனார். "சும்மா உட்காருங்க" என்பதற்கு இதைவிடப் பெரிய பதில் வேண்டாம்.

இரண்டு வருடம் கழித்து, 1974 செப்டம்பர் 28. அதிபர் மனைவி பெட்டி ஃபோர்டுக்கு ஆபரேஷன். கணவர் பதவியேற்று இரண்டு மாதம்கூட ஆகவில்லை. என்ன நோய், என்ன ஆபரேஷன் என்று மறைக்காமல் அறிவித்தார்கள். நாடெங்கும் பெண்கள் பரிசோதனைக்கு வரிசையில் நின்றார்கள். அந்த நேரத்தில் கண்டுபிடிக்கப்பட்ட நோயாளிகளின் எண்ணிக்கை புள்ளிவிவரத்தில் தனியாகத் தெரியும் அளவுக்கு உயர்ந்தது. மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நின்று அவர் கணவருக்குப் பந்தை வீசும் படம் ஒன்று உண்டு, தேடிப் பாருங்கள். சிரித்துக்கொண்டு பந்து வீசும் படம் மாதிரி இருக்கும். ஆனால் அந்த ஆபரேஷனைச் செய்துகொண்ட பெண்கள் அதில் கையைத்தான் பார்த்திருப்பார்கள். அவர் 2011-ல், 93 வயதில் இறந்தார்.

பேசியாகிவிட்டது. அடுத்தது, முடிவெடுப்பது யார் என்ற கேள்வி. அந்தக் காலத்தில் நடைமுறை இப்படி இருந்தது: கட்டியைச் சோதிக்க மயக்க மருந்து கொடுப்பார்கள். மேசையிலேயே அது புற்றுநோய் என்று தெரிந்தால், எழுப்பாமல் அப்படியே மார்பகத்தை எடுத்துவிடுவார்கள். கண் விழித்துக் கட்டைத் தடவிப் பார்த்துத்தான் அந்தப் பெண் தெரிந்துகொள்வாள். பெட்டி ஃபோர்டுக்கும் அப்படித்தான் நடந்தது. அதே ஆண்டு நோய் வந்த பத்திரிகையாளர் ரோஸ் குஷ்னர் இதை எதிர்த்தார். சோதனை ஒரு நாள், ஆபரேஷன் இன்னொரு நாள், நடுவில் யோசிக்க எனக்கு நேரம் வேண்டும் என்றார். பெட்டி ஃபோர்டுக்காக வெள்ளை மாளிகைக்கே தொலைபேசி செய்து வாதாடிப் பார்த்தார், நடக்கவில்லை. 1975-ல் புத்தகம் எழுதினார். 1979-ல் அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய குழுவில் மருத்துவர்களுக்கு நடுவில் அவரும் ஓர் உறுப்பினர். இரண்டையும் பிரித்துச் செய்வதுதான் சரி என்று அந்தக் குழு பரிந்துரைத்தது.

அதே சமயத்தில் மருத்துவர்களிலும் சிலர் ஹால்ஸ்டெட்டைக் கேள்வி கேட்டார்கள். பிட்ஸ்பர்க்கில் பெர்னார்ட் ஃபிஷர், மிலான் நகரத்தில் உம்பெர்த்தோ வெரோனேசி. இத்தனை வெட்டுவது உண்மையில் அதிக உயிரைக் காக்கிறதா என்று, நோயாளிகளைக் குழுக்களாகப் பிரித்து வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள். வெரோனேசி 1981-லும் ஃபிஷர் 1985-லும் முடிவுகளை வெளியிட்டார்கள். ஆரம்ப நிலையில் இருக்கும் நோய்க்குக் கட்டியை மட்டும் எடுத்து ரேடியேஷன் கொடுத்தாலும், முழு மார்பகத்தை எடுத்தாலும், உயிரோடு இருப்பவர்களின் கணக்கில் வித்தியாசம் இல்லை. 2002-ல் 20 வருடக் கணக்கும் வந்தது, அதே முடிவு. 1990-களில், அக்குளில் எல்லா முடிச்சுகளையும் எடுக்காமல் முதல் முடிச்சை மட்டும் எடுத்துச் சோதிக்கும் முறை வந்தது. கை வீங்கும் ஆபத்து அதனால் பலருக்குக் குறைந்தது. இன்று என் போன்றவர்கள் ஓரளவு கையும் உடம்புமாக வீடு திரும்புவதற்குப் பின்னால், அந்தச் சோதனைகளுக்குச் சம்மதம் கொடுத்த ஆயிரக்கணக்கான பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் பெயர் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

உடல் தோற்றம் பற்றியும் பேச வேண்டும். பெண் பிள்ளைகளாவது இதைப் படிக்கட்டும், ஆண் பிள்ளைகள் கண்டிப்பாகப் படிக்கட்டும். பார்பி பொம்மையை உருவாக்கிய ரூத் ஹேண்ட்லருக்கு 1970-ல் மார்பகம் எடுக்கப்பட்டது. கடையில் கிடைத்த செயற்கை மார்பகங்கள் வடிவமே இல்லாமல் இருந்தன. காலணிக்கு இடது வலது இருக்கிறதே, இதற்கு ஏன் இல்லை என்று கேட்டு, 1970-களின் நடுவில் தானே ஒரு நிறுவனம் தொடங்கிச் செய்து விற்றார். பெட்டி ஃபோர்டும் அவரிடம் வாங்கிக்கொண்டவர்தான்.

இன்னொரு பக்கம், கறுப்பினக் கவிஞர் ஆட்ரி லார்ட். 1978-ல் ஆபரேஷன். உடைக்குள் எதையும் வைத்துக்கொள்ளாமல் மருத்துவரிடம் போனபோது, அங்கிருந்த நர்ஸ், இப்படி வந்தால் மற்ற நோயாளிகளின் மனம் தளரும் என்றாராம். லார்டுக்குக் கோபம் வந்தது. போரில் கண்ணை இழந்த இஸ்ரேல் அமைச்சர் மோஷே தயான் கண்ணில் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு உலகம் சுற்றினாரே, கண்ணாடிக் கண் வைத்துக்கொள்ளுங்கள் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லையே என்று கேட்டார். எல்லோரும் மறைத்துக்கொண்டால், நாம் ஒருவரையொருவர் எப்படி அடையாளம் கண்டுகொள்வது என்பது அவருடைய கேள்வி. 1980-ல் அதைப் புத்தகமாக எழுதினார்.

ஹேண்ட்லர் சரியா, லார்ட் சரியா என்று பரீட்சையில் கேட்டால், இரண்டுக்கும் முழு மதிப்பெண் போடுவேன். ஒருவர் வைத்துக்கொள்ள வழி செய்தார், இன்னொருவர் வைத்துக்கொள்ளாமல் இருக்க வழி செய்தார். இரண்டு வழியும் திறந்திருந்தால்தான் அது விருப்பம். எந்த ஜாக்கெட் போடுவது, உள்ளே பஞ்சு வைப்பதா வேண்டாமா, முடி வளரும்வரை தலையில் துண்டா விக்கா மொட்டையா என்பதெல்லாம் அந்தப் பெண்ணின் முடிவு. சொந்தக்காரர்கள் ஓட்டுப் போடும் விஷயம் இல்லை.

இப்போது என் நாத்தனாருக்கான பகுதி. அக்குளில் ஆபரேஷன் ஆனவர்கள் அந்தக் கையால் கனமான வேலை செய்யக் கூடாது, செய்தால் கை வீங்கும் என்றுதான் பல வருடம் மருத்துவர்களும் சொல்லிவந்தார்கள். கனடாவின் வான்கூவர் நகரத்தில் டான் மெக்கென்சி என்ற விளையாட்டு மருத்துவர் இதைச் சோதித்துப் பார்க்க நினைத்தார். 1996-ல், மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட 24 பெண்களைச் சேர்த்து டிராகன் படகில் ஏற்றினார். நம் கேரளத்துப் பாம்புப் படகு மாதிரி நீளமான படகு. இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்து ஒரே தாளத்தில் துடுப்புப் போட வேண்டும். கைக்கு அதைவிடக் கடினமான வேலை கிடையாது. முதலில் உடற்பயிற்சி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் துடுப்பு. அந்தப் பருவம் முடிந்தபோது யாருக்கும் புதிதாகக் கை வீக்கம் வரவில்லை. ஏற்கெனவே இருந்தவர்களுக்கும் மோசமாகவில்லை. சோதனை முடிந்தது, ஆனால் பெண்கள் படகை விட்டு இறங்க மறுத்துவிட்டார்கள். இன்று பல நாடுகளில் அப்படிப்பட்ட படகுக் குழுக்கள் இருக்கின்றன.

24 பேர் சிறிய எண்ணிக்கைதான். ஆனால் 2009-ல், கை வீக்கம் இருந்த 141 பெண்களை வைத்து அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வும் அதையே காட்டியது. ஆசிரியர் ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க, படிப்படியாக எடை தூக்கிய பெண்களுக்கு வீக்கம் அதிகமாகவில்லை, தொந்தரவு குறைந்தது. இதைப் படித்துவிட்டு நாளைக்கே யாரும் சிமெண்ட் மூட்டை தூக்கக் கிளம்ப வேண்டாம். அவரவர் மருத்துவரையும் பிசியோதெரபிஸ்டையும் கேட்டுத்தான் செய்ய வேண்டும். ஆனால் கையைப் பொத்திப் பொத்தி வைத்தால் கை பலமாகாது, பலவீனமாகும். கறிவேப்பிலைக் கட்டை இனி நானே தூக்கிக்கொள்கிறேன் அண்ணி.

கைக்கு வழி கிடைத்தது. மற்றதற்கு? 1985-ல் ஃபிட்ஷ்யூ முல்லன் என்ற அமெரிக்க மருத்துவர், தனக்கே புற்றுநோய் வந்து மீண்ட அனுபவத்தை ஒரு மருத்துவ இதழில் எழுதினார். அவருக்கு வந்தது நெஞ்சுக்குள் வேறு வகைப் புற்றுநோய். ஆனால் அவர் சொன்னது எல்லோருக்கும் பொருந்தும். தண்ணீரில் மூழ்குகிறவரை இழுத்துக் கரையில் போட அருமையாகக் கற்றுக்கொண்டோம், கரையில் கிடந்து இருமுகிறவரை அப்படியே விட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம் என்பது அவர் சொன்னதன் சாரம். சிகிச்சைக் காலம், அதன் பிறகு பயத்தோடு காத்திருக்கும் காலம், பிறகு மெல்ல நிலைப்படும் காலம் என்று அவர் மூன்று பருவங்களாகப் பிரித்தார்.

நான் இப்போது அந்த இரண்டாவது பருவத்தில் இருக்கிறேன். ஆகவே "எல்லாம் முடிஞ்சாச்சா" என்ற கேள்விக்கு உண்மையான பதில் இதுதான். தினமும் ஒரு மாத்திரை, ஐந்து வருடத்துக்கு. ஹார்மோனால் வளரும் வகை நோய்க்கு டமாக்சிஃபென் மாதிரி மாத்திரைகள் 1970-களில் வந்தன. லட்சக்கணக்கானவர்களின் உயிரைக் காத்தவை. அதற்கு விலையாக இரவில் உடம்பு திடீரென்று சூடாகி வேர்க்கும், மூட்டு வலிக்கும். தூங்கி எழுந்தாலும் போகாத ஒரு அசதி இருக்கிறது. அது சோம்பேறித்தனம் இல்லை. வரிசையாக அசோகர் கல்வெட்டு இருக்கும் ஊர்களைச் சொன்னவளுக்கு, எதிர்வீட்டுப் பிள்ளையின் பெயர் சில நாள் நாக்கு நுனியிலேயே நிற்கிறது. செக்கப் தேதிக்கு முந்திய வாரம் தூக்கம் வராது. முதுகு பிடித்தால்கூட முதலில் அந்த நினைப்புதான் வரும். இதெல்லாம் மெதுவாகக் குறையும் என்கிறார்கள், குறைந்தும் வருகிறது.

நம் ஊர்க் கதையைச் சொல்லாமல் முடிக்க முடியாது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை புற்றுநோயால் இறந்தார். அந்த வேதனையிலிருந்துதான் 1954-ல் அடையாறு புற்றுநோய் நிலையம் பிறந்தது. தொடங்கியபோது 12 படுக்கைகள். அடுத்த ஆண்டு அங்கே சேர்ந்த டாக்டர் வி. சாந்தா, 2021-ல் 93 வயதில் இறக்கும்வரை அந்த வளாகத்திலேயே வாழ்ந்தார். புற்றுநோய் என்றால் மரணம் என்ற பயத்தோடு கடைசி வரை போராடினார். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் தெருவில் யாரும் நோயின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். "அடையாறுக்குப் போயிருக்காங்க" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். கேட்டவர் உச்சுக்கொட்டுவார். திரும்பி வருவதைப் பற்றிப் பேச்சே இருக்காது.

இன்று நிலைமை வேறு. 2022-ன் மதிப்பீட்டின்படி இந்தியாவில் அந்த ஓர் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 1,90,000 பெண்களுக்கு இந்த நோய் கண்டுபிடிக்கப்பட்டது. இந்தியப் பெண்களுக்கு அதிகமாக வரும் புற்றுநோய் இதுதான். சீக்கிரம் கண்டுபிடித்தால் பெரும்பாலோர் வீடு திரும்புகிறார்கள். அதாவது உங்கள் அலுவலகத்தில், தெருவில், குடும்பத்தில் திரும்பி வருகிற பெண்கள் கூடிக்கொண்டே போவார்கள். அவர்களைக் காப்பாற்றுவது மருத்துவர் வேலை. அவர்கள் திரும்பி வருகிற இடமாக இருப்பது நம் வேலை.

அதற்காகத்தான் இந்தப் பதிவு. உங்களிடம் சில விஷயங்கள் கேட்டுக்கொள்கிறேன்.

திரும்பி வந்தவரிடம் "பழையபடி ஆயிட்டீங்களா" என்று கேட்காதீர்கள். "இன்னைக்கு எப்படி இருக்கு" என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்வது சுலபம்.

வேலையைப் பிடுங்காதீர்கள், பங்கு கேளுங்கள். "நான் மாவு கரைக்கிறேன், நீங்க தோசை ஊத்துங்க" என்றால் போதும். உங்களில் மேலதிகாரியாக இருப்பவர்கள், அப்படி ஒருவர் வேலைக்குத் திரும்பினால் முதல் சில மாதம் அரை நாளாகவோ, வீட்டிலிருந்தோ செய்ய வழி பாருங்கள். ஆனால் அவரைக் கேட்காமல் பொறுப்புகளை எடுத்துவிடாதீர்கள்.

அவர் பேச வந்தால் பேச விடுங்கள். பேச்சை மாற்றாதீர்கள். யாரோ ஒருவர் இதே நோயில் இறந்த கதையைத் தயவுசெய்து சொல்லாதீர்கள். எனக்கு இதுவரை ஒன்பது கதை வந்திருக்கிறது.

பெண் பிள்ளைகளே, மார்பில் கட்டியோ, தோலில் மாற்றமோ, காம்பில் கசிவோ தெரிந்தால் தள்ளிப் போடாதீர்கள். பிள்ளைக்குப் பரீட்சை, மாமியாருக்குக் கண் ஆபரேஷன் என்று காரணம் எப்போதும் இருக்கும். ஆண் பிள்ளைகளே, மனைவியோ அம்மாவோ அக்காவோ சொல்லத் தயங்கினால், நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள்.

கடைசியாக ஒன்று. சிகிச்சை முடிந்து, அடுத்து என்ன என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கும் பெண் யாராவது உங்களுக்குத் தெரிந்து இருந்தால், அவர் விருப்பத்தைக் கேட்டுவிட்டு என் எண்ணைக் கொடுங்கள். மருந்து பற்றி எனக்குத் தெரியாது, அதற்கு மருத்துவர் இருக்கிறார். ஆனால் சுவரில் விரல் ஏறச் சொல்லித்தரத் தெரியும். பக்கத்து ஊர் என்றால் நேரில் வருவேன். சாக்பீஸ் என்னிடம் நிறைய இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் வரலாறு டீச்சர்